கித்தார்க் கழுத்தும் கைப்பிழையும்



மின்கித்தாரைப் பற்றிப் பேசவேண்டும் என்று இக்கூட்டத்தை நடத்தும் சங்கத்தார் என்னை அழைத்தபோது, அந்த வாத்தியத்தின் ஓசையைப் பற்றியோ, அதை வாசித்து உலகப் பிரசித்தி பெற்ற வித்துவான்களைப் பற்றியோ நான் பேசுவேன் என்று பலரும் எண்ணியிருக்கக்கூடும். அவற்றைப் பேச வல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் பட்டறையில் காலம் கழித்தவன். ஆகையால் பட்டறைச் செய்தி ஒன்றையே உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். கித்தாரின் கழுத்தைச் செய்யும்போது கைதவறி நேரும் சிறு பிழைகள் யாவை, அவற்றுள் எவற்றைத் திருத்தலாம், எப்படித் திருத்தலாம், எவற்றைத் திருத்த முயல்வதே பெரும் பிழையாகும் என்பதே இன்றைய விஷயம்.

இவ்வளவு சிறிய விஷயத்துக்கு ஒரு சொற்பொழிவா என்று கேட்பீர்களா? கேட்கலாம், நியாயமான கேள்விதான். மரவேலை கற்கத் தொடங்கி இடையில் கைவிட்ட இளைஞர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேலை வராமல் விட்டவர்கள் அவர்களில் வெகு சிலர். பாதி முடிந்த பொருளில் ஒரு தவறு நேர்ந்து, இனி என்ன செய்வதென்று பக்கத்தில் நின்று சொல்வார் இன்றி, மனம் ஒடிந்து, அந்த மரத்தைச் சுவரோரம் சாத்திவிட்டுப் போனவர்களே மிகுதி. அப்படிச் சாத்தப்பட்ட கழுத்துகளில் பலவற்றைப் பின்னாளில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் வேலையில் மீட்டிருக்கக்கூடிய பிழைகள்! அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

கழுத்து என்பது என்ன? வீணைக்குத் தண்டி எப்படியோ, கித்தாருக்குக் கழுத்து அப்படி. பெரும்பாலும் மேப்பிள் அல்லது மஹாகனி மரத்தில் செதுக்கிய நீண்ட கட்டை அது. அதன் முகத்தில் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் கனமுள்ள விரற்பலகை ஒட்டப்படுகிறது; நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் விளையும் ஈட்டி மரம், கடல் கடந்து போய் எத்தனையோ தேசத்துக் கித்தார்களின் விரற்பலகையாக இருந்து வருகிறது. அப்பலகையில் குறுக்காகப் பெரும்பாலும் 21 அல்லது 22 மெட்டுகள், அதாவது ஸ்வரத்தின் இடங்களைக் காட்டும் உலோகக் கம்பிகள். தலைமாட்டில் தந்திகள் தங்கி வரும் எலும்புக் கட்டை, அதைத் தொழிலில் நட் என்பார்கள். அதற்கும் மேலே பிரடைகள் பொருந்தும் தலைப்பலகை. உடலின் மேலிருக்கும் குதிரையிலிருந்து அந்த எலும்புக் கட்டை வரையில் ஆறு எஃகுத் தந்திகள் ஓடுகின்றன. அவை யாவும் சுருதி கூட்டப்பட்டு நிற்கும்போது, ஏறக்குறைய 45 கிலோ பாரத்துக்கு ஒப்பான விசையோடு கழுத்தை இரவும் பகலும் முன்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கின்றன.

வீணை செய்வோருக்கு ஒரு பாக்கியம் உண்டு. அவர்களுடைய 24 மெட்டுகளும் மெழுகின் மேல் பதிக்கப்படுகின்றன. ஸ்வரம் தவறினால் மெழுகை இளக்கி, மெட்டை மயிரிழை நகர்த்தி, மறுபடியும் காதால் சரிபார்க்கலாம். கித்தார்க் கழுத்தில் மெழுகு கிடையாது. அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலத்தில் ரம்பத்தால் காடி அறுத்து, மெட்டுக் கம்பியின் அடிநாக்கை அதில் அடித்து இறக்குகிறார்கள். அறுத்தது அறுத்ததுதான், மரம் மறுபடியும் வளராது. ஆதலால் இந்த வேலையில் பிழை என்ற சொல்லுக்கே ஒரு கனம் வந்துவிடுகிறது.

அந்தக் கனத்தைக் கண்டு அஞ்சுகிறவர்களுக்கு நான் ஒரு சரித்திரம் சொல்ல ஆசைப்படுகிறேன். அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்துக் கலமஸூ நகரில் இருந்த கிப்சன் நிறுவனத்தில் தாடியஸ் மெக்ஹியூ என்ற தொழிலாளர் பணிபுரிந்தார். தந்தியின் இழுப்பால் கழுத்து கூன் விழுவதைத் தடுக்க, மரத்தின் உள்ளே ஓர் எஃகுக் கம்பியை ஓடவிட்டு, அதன் முனையிலுள்ள திருகைத் திருப்பிக் கழுத்தை நிமிர்த்தும் உபாயத்தை அவர் வகுத்தார். 1923-இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. பின்னர், கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டர் என்பவர் மின்கித்தார் செய்யத் தொடங்கினார். மேப்பிள் மரமே போதிய வலிமையுடையது, அதற்குள் கம்பி எதற்கு என்பது அவர் அபிப்பிராயம். 1950-இல் அவர் வெளியிட்ட எஸ்குவயர் கித்தார்களில் முதலில் வந்தவை கம்பி இல்லாமலே வந்தன. விளைவு என்ன? கழுத்துகள் வளைந்தன. மரம் அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை. தந்தியின் இழுப்பைத்தான் கேட்டது.

அவர் என்ன செய்தார்? கௌரவம் பார்த்து வாதாடிக்கொண்டிருக்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே கம்பியை ஏற்றுக்கொண்டார். ஆனால் அவருடைய கழுத்து ஒரே மேப்பிள் கட்டை. தனி விரற்பலகை கிடையாது. முன்பக்கம் திறந்து கம்பியை வைக்க வழியில்லை. ஆகவே முதுகுப் பக்கத்தில் நீளமாகக் காடி எடுத்து, கம்பியை உள்ளே இருத்தி, அதன் மேல் வால்நட் மரத்தின் கரிய பட்டை ஒன்றை ஒட்டி மூடினார். வெளிர்நிற மேப்பிளின் முதுகில் நேராக ஓடும் அந்தக் கரிய கோட்டை, டெலிகாஸ்டர் என்றும் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்றும் பிற்காலத்தில் பெயர் பெற்ற கித்தார்களைத் திருப்பிப் பார்த்தவர்கள் கண்டிருப்பீர்கள். இன்று அந்தக் கோட்டை அழகின் அடையாளமாகவே வாங்குவோர் தேடுகிறார்கள். நண்பர்களே, அது ஒரு தழும்பு. செய்தவர் தம் பிழையை ஒப்புக்கொண்டு, மறைக்காமல், வேறு நிற மரத்தாலேயே மூடிய தழும்பு. அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்மீது மதிப்பு உயர்கிறது.

இனி வேலைக்கு வருவோம். ஒரு தவறு நேர்ந்துவிட்டது. உளி வழுக்கியது, ரம்பம் கோட்டை விட்டு விலகியது, துளை இடம் மாறியது. முதற்காரியம் யாது? கை நிற்கட்டும். பதற்றத்தில் அடுத்த நிமிஷமே செய்யும் திருத்தந்தான் சிறு பிழையைப் பெரும் பிழையாக்குகிறது. கை நின்ற பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பிழை சுருதியைத் தொடுகிறதா, மேனியை மட்டும் தொடுகிறதா? சுருதியைத் தொடும் பிழையோடு சமாதானம் கிடையாது. அதை அடியோடு அழித்துத்தான் மேலே செல்லவேண்டும். மேனியைத் தொடும் பிழைக்கு நேரமும் பொறுமையும் போதும். சில சமயம் அதை அப்படியே விட்டுவிடலாம். இந்த விவேகம் வராதவன், எண்ணெய் பட்டால் மறைந்துபோகும் கீறலுக்காக ஒரு வாரம் அழுவான்; மெட்டு ஒரு மில்லிமீட்டர் விலகியதை யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று விட்டுவிடுவான்.

சுருதிப் பிழைக்கு என் சொந்த அனுபவத்தையே உதாரணமாகத் தருகிறேன். நான் செய்த முதல் கழுத்துக்குத் தந்தி நீளம் 648 மில்லிமீட்டர். மெட்டுகளின் இடத்தைக் காணும் கணக்கு உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தூரம் வரும். 648-க்கு அது 36.37 மில்லிமீட்டர். மீதி நீளத்தை மறுபடியும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்த மெட்டு. இப்படியே பன்னிரண்டு முறை செய்தால் நீளத்தின் சரிபாதியில், 324-ஆவது மில்லிமீட்டரில், மேல் ஸ்தாயி ஸ்வரம் வந்து நிற்கும். கணக்கில் நான் தவறவில்லை. குறித்ததில் தவறினேன். ஒவ்வொரு மெட்டையும் தலைமாட்டிலிருந்து அளக்காமல், முந்திய மெட்டின் கோட்டிலிருந்து அடுத்ததை அளந்துகொண்டே போனேன். ஒவ்வொரு முறையும் பென்சில் கோட்டின் தடிப்பில் ஒரு சிறு பகுதி கூடிக்கொண்டே போயிற்று. காடிகளை எல்லாம் அறுத்து முடித்த பிறகு ஆசையோடு அளந்து பார்த்தேன். பன்னிரண்டாவது காடி 326-இல் இருந்தது.

இரண்டு மில்லிமீட்டர் என்ன செய்துவிடும் என்கிறீர்களா? அந்த இடத்தில் வாசித்தால் ஸ்வரம் ஓர் அரைஸ்வரத்தின் பத்தில் ஒரு பங்கு ஏறி ஒலிக்கும். தனியாகக் கேட்டால் ஒருவேளை காது மன்னிக்கும். மற்றொரு தந்தியோடு சேர்த்து மீட்டினால் மன்னிக்காது. குதிரையைப் பின்னுக்கு நகர்த்திச் சரிசெய்யலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். பன்னிரண்டாவதைச் சரிசெய்யக் குதிரையை நகர்த்தினால் அதற்கு மேலுள்ள மெட்டுகள் என்ன ஆகும்? பன்னிரண்டாவது சமாதானமானாலும், மேலே போகப்போக ஸ்வரம் தவறிக்கொண்டே போகும்.

அப்போது நான் செய்ததுதான் இரண்டாவது பிழை, முதலாவதைவிடப் பெரியது. கடையில் விற்கும் மரப்பட்டியை வாங்கிக் காடிகளில் அப்பினேன். காய்ந்ததும் சரியான இடத்தில் புதுக் காடி அறுக்கத் தொடங்கினேன். பட்டி மெது, ஈட்டி கடினம். ரம்பத்தின் பற்களுக்கு எது சுலபமோ அங்கேதானே போகும்? அரை மில்லிமீட்டர் தள்ளி வைத்த ரம்பம் சறுக்கிப் பழைய காடிக்குள்ளேயே இறங்கிற்று. அந்த விரற்பலகையை நான் இழந்தேன்.

பிறகு கற்றுக்கொண்ட முறை இது. அதே பலகையிலிருந்து வெட்டி எறிந்த துண்டு இருக்குமே, அதிலிருந்து காடியின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும் மெல்லிய சிம்பு ஒன்றைச் சீவி எடுக்கவேண்டும். விரலால் அழுத்தினால் இறங்கவேண்டும். தானாக விழவும் கூடாது, சுத்தியல் கேட்கவும் கூடாது. பசை தொட்டுக் காடியில் இறக்கி, ஓர் இரவு முழுவதும் விட்டுவிடவேண்டும். மறுநாள் கூரிய உளியின் தட்டைப் புறத்தைப் பலகையோடு படியவைத்து, மேலே நிற்கும் பகுதியைச் சீவினால், மரமும் சிம்பும் ஒரே முகமாகிவிடும். இப்போது ரம்பத்துக்கு மெது, கடினம் என்ற பேதம் கிடையாது. அதற்கு மேலும் ஓர் இரும்புச் சட்டத்தைப் பலகையில் இறுகப் பிடித்து, அதன் ஓரமாகவே அறுக்கவேண்டும். இதில் ஓர் ஆறுதலும் இருக்கிறது. மெட்டின் மேற்பகுதி சாதாரணமாக இரண்டரை மில்லிமீட்டர் அகலம். ஆகையால் பிழை முக்கால் மில்லிமீட்டருக்குள் இருந்தால், பழைய காடியின் தழும்பு புதிய மெட்டின் அடியிலேயே மறைந்துபோகும்.

மெட்டுக் கணக்கைப் பற்றிப் பேசும்போது ஒரு வார்த்தை. பழைய காலத்து ஐரோப்பியக் கைவினைஞர்கள் 17.817 என்று வகுத்ததில்லை. 18 என்றே வகுத்தார்கள். விஞ்ஞானி கலிலியோவின் தந்தையாரும் இசை அறிஞருமான வின்சென்ஸோ கலிலேய் 1581-இல் வெளியான தம் நூலில் அந்த 18-க்கு 17 என்ற விகிதத்தை எடுத்துரைத்தார். அப்படிச் செய்தால் 648-இன் பன்னிரண்டாவது மெட்டு, பாதிக்கு இரண்டு மில்லிமீட்டருக்கும் சற்று மேலாகக் குறைந்து நிற்கும். ஸ்வரம் சிறிது இறங்கும். ஆனால் தந்தியை மெட்டில் அழுத்தும்போது அது இழுபட்டு ஸ்வரம் சிறிது ஏறுகிறதல்லவா? இந்த இறக்கம் அந்த ஏற்றத்தில் ஒரு பகுதியை ஈடு செய்துவிடும்! இக்காலத்தில் அந்த ஈட்டைக் குதிரையில் செய்கிறோம்.

மற்றொரு சுருதிப் பிழையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மெட்டுகள் எல்லாம் தமக்குள் சரியாக இருந்து, தலைமாட்டுக்கும் முதல் மெட்டுக்கும் உள்ள தூரம் மட்டும் தவறியிருக்கும். தூரம் அதிகமானால் விரற்பலகையின் அந்த முனையை இழைப்புளியால் தேவையான அளவு சீவுங்கள். குறைந்தால் அதே மரத்தில் ஒரு சிம்பை முனையில் ஒட்டுங்கள். ஒரு மணி நேர வேலை. எலும்புக் கட்டையில் தந்தி அமரும் பள்ளம் ஆழமாகிவிட்டால், எலும்புத் தூளைச் சூப்பர் குளூவில் குழைத்து அடைத்துப் புதிதாக அறுப்பவர்கள் உண்டு. அது நிற்கும், ஆனால் அவசரத்துக்கு மட்டுமே ஏற்றது. எலும்பு மலிவு. புதிதாகச் செய்யுங்கள்.

மேனிப் பிழைக்கு வருகிறேன். இங்கே மனம் சற்று இளைப்பாறலாம். கழுத்தின் முதுகு உருட்டி, உப்புத்தாள் போட்டு, கன்னம் போல் மிருதுவாகிவிட்டது. அந்தச் சமயத்தில் பிடிக் கருவியின் இரும்பு விளிம்பு பட்டு ஒரு குழி விழுகிறது. ஐயோ என்று உப்புத்தாளை எடுக்கிறோம். குழியின் ஆழத்துக்குச் சுற்றிலும் தேய்த்தால் கழுத்தின் உருவமே மாறிப்போகும். கை நிற்கட்டும். குழிக்குள் என்ன நடந்திருக்கிறது? அங்கிருந்த மரம் போய்விட்டதா? போகவில்லை. அதன் நார்கள் நசுங்கிப் படுத்துக்கிடக்கின்றன. படுத்தவற்றை எழுப்பினால் போதும். ஒரு துளி நீரைக் குழியில் விட்டு, ஈரத் துணியை நான்காய் மடித்து அதன் மேல் வைத்து, காய்ந்த இஸ்திரிப் பெட்டியின் முனையால் தொடுங்கள். சுர்ரென்று ஓசை, ஆவி எழும், வேகவைத்த மரத்தின் வாசனை வரும். துணியை எடுத்துப் பாருங்கள்: பாதிக் குழி காணாமற் போயிருக்கும். இன்னொரு முறை, இன்னொரு முறை. நார்கள் நீரை உறிஞ்சிப் புடைத்து எழுந்து, சில சமயம் மட்டத்துக்கும் சற்று மேலேயே வந்து நிற்கும். ஒருநாள் உலரவிட்டு, பிறகு மெல்லிய உப்புத்தாளால் ஒரு தடவு. என் கையாலேயே எத்தனையோ முறை செய்திருக்கிறேன். இன்றைக்கும் அந்தக் குழி நிரம்பி வருவதைப் பார்க்கும்போது ஒரு குழந்தையின் வியப்பு எனக்கு உண்டாகிறது. ஒன்றை மறவாதீர்கள்: நார் நசுங்கினால்தான் இந்த வைத்தியம், அறுபட்டிருந்தால் பலிக்காது. வார்னிஷ் பூசிய பிறகும் பலிக்காது. நீர் உள்ளே போக வழியில்லை.

துளைகள் இடம் மாறுவது மற்றொரு சாதாரணத் துன்பம். பிரடைக்கான துளையோ, கழுத்தை உடலோடு பிணைக்கும் திருகாணிக்கான துளையோ சற்று விலகிவிட்டது. கடையில் விற்கும் உருண்டைக் கோலை வெட்டி அடைத்துவிட்டு மறுதுளை போடுகிறவர்கள் அநேகர். அதில் ஒரு தோஷம் இருக்கிறது. உருண்டைக் கோலில் ரேகை நீளவாக்கில் ஓடுகிறது. ஆதலால் துளையில் இறக்கும்போது, மேலே தெரிவது அதன் வெட்டுமுகம். வெட்டுமுகம் எண்ணெயையும் வார்னிஷையும் அதிகம் குடித்துக் கறுத்து, வெளிர் மேப்பிளில் ஒரு கண்போல் விழித்துக்கொண்டு நிற்கும். அது மட்டுமா? ரேகையின் போக்கிலேயே இறங்கும் திருகாணிக்குப் பிடிப்பும் குறைவு. ஆகையால் அதே மரப் பலகையின் முகத்திலிருந்து குறுக்குவாட்டில் அடைப்பு ஒன்றைக் கடைந்தெடுங்கள். அதன் ரேகை கழுத்தின் ரேகையோடு ஒரே திசையில் ஓடுமாறு திருப்பி இறக்குங்கள். சரியாகச் செய்தால், எங்கே துளை இருந்தது என்று செய்தவனே தேடவேண்டும்.

கழுத்து உடலில் பொருந்தும் குழி தளர்வாகவோ, கோணம் தவறியோ போனால் வெட்கப்படாமல் மெல்லிய சிம்பு வையுங்கள். ஃபெண்டரின் பழைய கித்தார்களைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தொழிற்சாலையிலேயே வைத்த மெல்லிய அட்டைத் தகடுகள் அந்தக் குழிகளில் இருக்கின்றன.

பிழை இரண்டு வகை என்று சொன்னேன். மூன்றாவது ஒன்று இருக்கிறது. சொல்ல மனமில்லாமல் கடைசிக்கு ஒத்திவைத்தேன். அது உறுதியைத் தொடும் பிழை. முதல் மெட்டின் அருகில் கழுத்தின் மொத்தக் கனம் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர். அதில் விரற்பலகை 6. அதன் அடியில் கம்பிக்காக எடுத்த காடியின் ஆழம் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி எவ்வளவு? ஐந்தே மில்லிமீட்டர். மெல்லிய கழுத்து வேண்டும் என்ற ஆசையில் முதுகை மேலும் இரண்டு மில்லிமீட்டர் சீவினால் மிஞ்சுவது மூன்று. இன்னும் சீவினால் ஒருநாள் கம்பியே வெளியே எட்டிப் பார்க்கும். அப்போது என்ன செய்யலாம்? ஒட்டலாமா, அடைக்கலாமா, மூடலாமா? என் தீர்ப்பு தெளிவானது: அந்தக் கழுத்தைத் தந்தி ஏற்றும் வேலைக்கு விடாதீர்கள். 45 கிலோ இழுப்பு அதன் மேல் ஏறப்போகிறது. அதைக் கையில் ஏந்தப் போகிறவர் உங்களை நம்பி வாங்குகிறவர். முறுக்கிக்கொண்ட கழுத்துக்கும் இதே தீர்ப்புதான். கம்பியால் கூனை நிமிர்த்தலாம். முறுக்கை நிமிர்த்த இயலாது. அவ்வாறு கழிந்த கழுத்துகளை நான் எறிவதில்லை. மெட்டு அடிக்கப் பழகும் மாணவர்களுக்கு அவையே பாடப் பலகைகள்.

இறுதியாக, நாள்தோறும் நேரும் ஒரு சிறு விபத்தைச் சொல்லி முடிக்கிறேன். சரியாக அமராத மெட்டு ஒன்றைப் பிடுங்குகிறோம். ஈட்டியும் கருங்காலியும் வறண்ட மரங்கள். மெட்டின் அடிநாக்கிலுள்ள சிறு பற்கள் காடியின் ஓரத்தைப் பெயர்த்துக்கொண்டு வரும். இதைக் குறைக்க, சால்டரிங் இரும்பால் மெட்டை முன்கூட்டியே சூடாக்கி, மெல்ல மெல்லத் தூக்கவேண்டும். அப்படியும் ஒரு சிராய் தெறித்துவிடுகிறது, நகத்தின் நுனியளவுதான். அந்தப் பள்ளத்தை அடைக்க மரத்தூளும் பசையும் தேடி ஓடுகிறோம். தூளைக் குழைத்து அடைக்கலாம், தவறில்லை. ஆனால் அந்தப் பள்ளத்துக்கு உருவத்தில், நிறத்தில், ரேகையில் இம்மி பிசகாமல் பொருந்தும் துண்டு உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கிறது. அது உங்கள் காலடியில், மரத்தூளுக்கு நடுவே கிடக்கிறது. அதை எடுத்து ஊசி முனையால் இருத்தி, ஒரு சொட்டுப் பசை விட்டால் ஐந்து நிமிஷத்தில் பழைய பலகை.

ஆகையால் பட்டறை வைத்திருக்கும் இளைஞர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான். நாளைக் காலையில் மெட்டைப் பிடுங்கும்போது உங்கள் பலகையிலும் ஒரு சிராய் தெறிக்கும். உடனே துடைப்பத்தை எடுக்காதீர்கள். விளக்கைத் தாழ்த்திப் பிடித்து, முழந்தாளிட்டுத் தேடுங்கள். அது அங்கேதான் கிடக்கும்.